படிவத்தில் இல்லாத தங்கை

வெட்டும் கூடம்
திங்கட்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள வாலுக்கு,

இங்கே உன் அத்தான் நலம், என் மகள் நலம், பக்கத்து வீட்டு நாய்கூட நலம். நான் மட்டும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் சொல்வதுபோல் “சூப்பரா இருக்கேன்” என்பாய், அதனால் கேட்கவில்லை. இன்றைக்கு நான்தான் பேசப்போகிறேன். நீ குறுக்கே பேச முடியாது. கடிதத்தில் அது ஒரு வசதி.

இவள் எதற்குத் திடீரென்று கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்று உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம், ஆனால் நான் இதை ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றுகிறாய், நீ மாற்றினால் நானும் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். மூன்று ஞாயிறு இப்படியே போய்விட்டது. நான் எழுதுகிற இது, நாங்கள் துணிமேல் விரித்து வெட்டுகிற தாளின் ஓரம். கடிதம் வால் மாதிரி நீளமாக இருக்கிறதே என்று திட்டாதே, இந்தத் தாள் சுருளாகத்தான் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிறேன் என்றுதான் சொன்னேன், உடனே வந்துவிடுவேன் என்று சொல்லவில்லை.

எனக்கு மாதவிலக்கு நின்று பதினாலு மாதம் ஆகிறது. நின்றதும் விட்டது தொல்லை என்று நினைத்தேன். இப்போது சூடு. நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து, கழுத்து, காது, மண்டை என்று ஏறி, உச்சியில் போய் நின்றுவிட்டு வேர்வையாக இறங்கும். ஒரு நாள் வேலைக்கு நடுவே எண்ணிப் பார்த்தேன், பதினைந்து தடவை. இந்தக் கூடத்தில் மின்விசிறியும் போட முடியாது, விரித்த துணியும் தாளும் பறந்துவிடும். வெட்டும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வேகிறேன், மற்றவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள்.

வீட்டிலோ நான் ஜன்னலைத் திறக்கிறேன், உன் அத்தான் சாத்துகிறார். எனக்கு “அடுப்பு” என்று பெயர் வைத்திருக்கிறார். மூன்று வாரமாக முன்னறையில் படுக்கிறார். கோபம் ஒன்றும் இல்லை, குளிர் தாங்கவில்லையாம். தலையில் குல்லாய், காலில் உறை. நான் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. முட்டி வலிக்கிறது. ஒன்றுமில்லாததற்கு எல்லார்மேலும் எரிந்து விழுகிறேன். பிறகு குளியலறையில் போய் அழுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீயே புரிந்துகொள். முன்னறையில் படுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த குளிர்சட்டை. துணிக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பஞ்சு. இந்த மாதிரித் துணியை முகத்தோடு முகம் பார்க்க விரிக்க வேண்டும். ஒரு அடுக்குக்கு வழவழப்பு மேலே, அடுத்த அடுக்குக்குக் கீழே. அப்படி விரித்தால்தான் ஒரே அச்சை வைத்து வெட்டும்போது பாதி இடது பக்கமாகவும் பாதி வலது பக்கமாகவும் வரும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் இது தெரியும். நான் இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மாஸ்டர் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தொண்ணூறு அடுக்கையும் ஒரே முகமாக விரிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, நானே மின்கத்தியையும் ஓட்டினேன்.

தையல் பிரிவிலிருந்து ஒருத்தி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மாஸ்டர், இதுக்கெல்லாம் ஜோடி எங்க? எல்லாமே இடது பக்கமா இருக்கே” என்றாள். தொண்ணூறு இடது பக்கம். வலது பக்கம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. இடது தோளை மட்டும் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உன் ஊரில் இருந்தால் சொல், மொத்தமாக அனுப்பிவைக்கிறேன்.

கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரத்துக்கு வைத்து ஓட்டியிருப்போம். மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, “உடம்பு முடியலன்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க மாஸ்டர்” என்றார். இரண்டு நாளாம். மனிதர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் நான் என்ன சொல்வது?

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேஜையில் பாட்டரியில் ஓடும் குட்டி விசிறி ஒன்று வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். உடம்பில் சுரப்பது நின்றுபோன ஹார்மோனைத் திரும்பக் கொடுக்கலாம் என்றார். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, வாரத்துக்கு இரண்டு. கர்ப்பப்பை இருப்பதால் அதைக் காப்பாற்ற இன்னொரு ஹார்மோன், அது மாத்திரை. தோல் வழியாகப் போவதால் ரத்தம் உறைந்துவிடுமோ என்ற பயம் குறைவாம். சூடு பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் வரும், எலும்பு கரைவது நிற்கும் என்றார். எலும்புப் படம் எடுத்துப் பார்த்ததில் எனக்கு இப்போதே தேய ஆரம்பித்திருக்கிறது.

அம்மாவின் ஞாபகம் வந்தது. அறுபத்து நாலு வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஐந்து மாதம் கட்டிலில் கிடந்து போனாளே, அந்தக் கட்டில் பக்கத்தில் நானும் நீயும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோமே. அம்மாவை நான் திருப்பிப் படுக்க வைக்கும்போது கையில் ஒரு பறவையைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். அப்படிப் போக எனக்கு விருப்பமில்லை.

டாக்டரம்மா மருந்தின் எதிர்ப்பக்கத்தையும் சொன்னார். ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வைத்த படத்தைக் காட்டினார். ஆயிரம் புள்ளி, ஆயிரம் பெண்கள், என் வயது. மருந்தே தொடாவிட்டாலும் ஐந்து வருடத்தில் அதில் சுமார் இருபத்து மூன்று பேருக்கு மார்பில் புற்றுநோய் வருமாம். இரண்டு மருந்தும் எடுத்துக்கொண்டால் இன்னும் நாலு பேர். “நாலுதானே டாக்டர்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, அப்படி ஒரு புள்ளிக்கு நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன் என்று நினைவு வந்தது.

வீட்டில் கேட்டேன். மகள் இணையத்தில் பத்துப் பக்கம் படித்துவிட்டு “எடுத்துக்கோம்மா” என்றாள். இன்னும் பத்துப் பக்கம் படித்துவிட்டு “வேணாம்மா” என்றாள். உன் அத்தான், “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதரிடம் நான் யோசனை கேட்டது இந்த ஒரு தடவைதான்.

சரி, இதற்குமேல் சுற்றி வளைக்க இடமில்லை, தாளும் முடியப்போகிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி. அம்மா, சகோதரி, மகள், இவர்களில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் தோழியிடம், “ஆமான்னு போட்டா அந்த மருந்தைத் தரவே மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இல்லை என்று போட்டேன்.

உன்னை இல்லை என்று போட்டேன். டாக்டரம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதிக் கொடுத்தார். சீட்டு என் கைப்பையில் இருக்கிறது, இன்னும் வாங்கவில்லை. உன் உடம்பிலிருந்து எதை மாதாமாதம் ஊசி போட்டு விரட்டுகிறார்களோ, அதையே நான் இடுப்பில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறேன். என்னைத் திட்டு. திட்டியாவது நான் என்ன செய்யட்டும் என்று ஒரு வரி எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


வெட்டும் கூடத்துக்கு வெளியே
மூன்று வாரம் கழித்து, புதன்கிழமை

அன்புள்ள வாலுக்கு,

போன ஞாயிறு போனில் இருபது நிமிடம் கிளச் பிளேட்டைப் பற்றிப் பேசினாய். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குக் கிளச் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய ஞாயிறு திரைச்சீலை. கடிதம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. “உங்க தாள் எல்லாம் எவ்வளவு நீளம்!” என்று உன் வாயாலேயே வந்துவிட்டது. ஆக, வந்துவிட்டது, படித்துவிட்டாய், வாயைத் திறக்கப்போவதில்லை. சரி. நீ அழுத்தக்காரி என்று எனக்குத் தெரியாதா என்ன.

நீ பதில் போடாத மூன்று வாரத்தில் இங்கே இரண்டு காரியம் நடந்துவிட்டது. முதலாவது, நான் டாக்டரிடம் திரும்பப் போனேன். உட்காரக்கூட இல்லை. “படிவத்துல பொய் எழுதிட்டேன் டாக்டர், எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா” என்றேன். தங்கச்சி என்று சொன்னதுமே நின்றுகொண்டு அழுதேன். அவர் திட்டவில்லை. அந்தக் குட்டி விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, இல்லை என்றிருந்ததை அடித்துவிட்டு, உன்னை எழுதினார்.

மூன்று கேள்வி கேட்டார். தங்கைக்கு எந்த வயதில் வந்தது? நாற்பத்து மூன்று என்றேன். எந்த வகை? ஹார்மோனால் வளருகிற வகை, அதனால்தான் ஊசி போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்றேன். பரம்பரையாக வருவதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன? தெரியாது என்றேன்.

நீ ரத்தம் கொடுத்த அன்று உன் கூட வந்தது நான்தான். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். ஆறு வாரத்தில் முடிவு வரும் என்றார்கள். என்ன வந்தது என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெரிய மனசோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்துகொண்டுதான் கேட்காமல் இருந்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், வாலு.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் பரிசோதனையில் கோளாறு வந்திருந்தால் நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், என்னுடையதைப் பார்த்துவிட்டு மகளுக்கும். அதுவரை அந்தப் பட்டையைத் தொடக்கூடாது. கோளாறு இல்லை என்றால், எனக்கு வரும் வாய்ப்பு அடுத்தவர்களைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் கதவை ஒரேயடியாகச் சாத்திவிட மாட்டாராம். உட்கார்ந்து திரும்பக் கணக்குப் பார்க்கலாம் என்றார். ஹார்மோன் இல்லாத மாத்திரையும் ஒன்று இருக்கிறது, சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், எலும்புக்கு உதவாது. எது வேண்டும் என்று நானே யோசித்துச் சொல்ல வேண்டுமாம். ஜோடி எங்கே என்று தெரியாமல் வெட்டின கதையை யோசித்துக்கொண்டிருக்கிற தலையால் நான் எதை யோசிப்பது?

இரண்டாவது காரியத்தை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து தயங்குகிறேன். கத்தி ஓட்டும்போது இடது கையில் இரும்பு வளையத்தால் பின்னிய உறை போட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் போடாமல் இருந்ததில்லை, போடாதவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சூடு ஏறியபோது அந்தக் கைதான் முதலில் கொதித்தது. கழற்றிவிட்டேன். ஒரு நிமிடம்தான், ஒரு வளைவுதான் பாக்கி. கத்தி சுண்டுவிரல் நகத்தைத் தொட்டுக்கொண்டு போனது. விரல் இருக்கிறது, நகத்தில் பாதி இல்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சுவிட்சை அணைத்தாள். எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது என்னை வெளியே எண் ஒட்டும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெட்டி வந்த துண்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று ஒட்டுகிறேன். யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அதனால் இன்னும் கேவலமாக இருக்கிறது. உள்ளே கத்தி ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யார் ஓட்டுகிறார்கள், வளைவில் சரியாகத் திருப்புகிறார்களா என்று காது அங்கேயே போகிறது. மாதக் கடைசிக்குள் உடம்பைச் சரிசெய்துகொண்டு வந்தால் என் மேஜை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்தாக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

படிவத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. செத்துப்போனவர்களையாவது இருந்தார்கள் என்று எழுதுவார்கள். உன்னை நான் பிறக்கவே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டேன். நீ முடி கொட்டிக் கிடந்தபோது உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தவள் நான். எனக்கு எப்படிக் கை வந்தது? கொஞ்சம் தூக்கத்துக்காக.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உனக்குக் கிடையாதது எனக்கும் வேண்டாம். நீ அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய், நானும் இருந்துவிட்டுப் போகிறேன். மேஜை போனால் போகட்டும். பரிசோதனை முடிவை மட்டும் சொல், மகளுக்காகக் கேட்கிறேன். நல்லதோ கெட்டதோ, ஒரே ஒரு வரி போதும். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அக்கா


வண்டிக்குள், இரண்டு வகுப்புக்கு நடுவில்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதல் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கி அதிகாரி. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு உறையைப் பிரித்தேன். எங்கள் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். படிவம் வந்த இடத்தில் அதை மிதித்துவிட்டேன் போல. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. அந்த மனிதர் நடுங்கிப்போய், “மேடம், நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்றார்.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஒழுங்காக ஓட்டினார்கள். அந்த வாரம் மூன்று பேர் தேர்வில் பாஸ்.

மூன்றாவது நாள் திட்டு தீர்ந்துவிட்டது. பிறகு ஏன் எழுதவில்லை என்றால், எழுத வேண்டியது என்னிடம்தான் இருந்தது. அக்கா, அந்தப் பரிசோதனை முடிவு என் கைக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் தேடிய கோளாறு எதுவும் என் ரத்தத்தில் இல்லை. பரம்பரையாக வந்ததற்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நகல் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. முதலில் அதை உன் மகளிடம் காட்டிவிட்டு வந்து மீதியைப் படி.

காட்டிவிட்டாயா? இப்போது சொல்கிறேன். அந்தத் தாளைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அம்மா வழியில் வந்தது, அப்பா வழியில் வந்தது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள், யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை என்றால் எனக்கு மட்டும் ஏன் வந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? உனக்குப் போன் செய்ய எண்ணைக்கூட அழுத்தினேன். நீ “அப்பாடா” என்று சொல்வாய் என்று தெரியும். சொல்லாமல் இருக்க உன்னால் முடியாது, மகளைப் பெற்றவள். அந்த அப்பாடாவைக் கேட்கிற தெம்பு அன்றைக்கு எனக்கு இல்லை. வைத்துவிட்டேன். மறுவாரம் சொல்லலாம் என்று இருந்தேன். மறுவாரம் வந்தபோது, போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று இருந்தது. அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. நீ ஒரு நிமிடத்தில் போட்ட கட்டத்துக்கு மூன்று வாரத்தில் போய் அழுதுவிட்டு வந்துவிட்டாய். நான் இத்தனை நாள் உன்னையும் அந்தப் பெண்ணையும் பயத்தில் வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது. அந்தப் பட்டையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் சூடு வருகிறது அக்கா, சூப்பராக இருக்கிறேன் என்பதெல்லாம் சும்மா. உனக்குப் படிப்படியாக வந்தது எனக்கு ஒரே ஊசியில் வந்தது. குளிர்காலத்தில் வண்டியின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுகிறேன். என்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள், மேடம் ரொம்ப கண்டிப்பு என்று பேசிக்கொள்கிறார்களாம். பட்டையைப் பற்றி நானும் என் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். “உங்களுக்கு அது வேண்டாம்மா, வேற வழி பார்க்கலாம்” என்றார். வேறு வழி கொஞ்சம் கேட்கிறது, முழுக்கக் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ள ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தாளை உன் டாக்டரிடம் கொடு. தங்கைக்கு நாற்பத்து மூன்றில் வந்தது என்பதையும் இன்னொரு தடவை சொல். என் டாக்டரும் உன் டாக்டரம்மா மாதிரிதான் சொல்கிறார். கோளாறு தெரியவில்லை என்றால் பயமே இல்லை என்று ஆகிவிடாது, எடுத்துக்கொள்வதாக இருந்தால் வருடாவருடம் மார்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், இன்னும் வேண்டுமா என்று அப்போதைக்கப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொள் என்று நான் சொல்லி நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் என்னால் உயிரோடு இருக்க முடியாது. ஒட்டாதே என்று சொன்னால் நீ அடுத்த கடிதத்தை எந்தக் கையால் எழுதுவாய் என்று பயமாக இருக்கிறது. அந்த நகத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நான் இரண்டும் சொல்லப்போவதில்லை, நீயும் டாக்டரம்மாவும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் உனக்குக் கிடையாதது எனக்கும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்பை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று வேண்டாமென்று சொல், சரி என்கிறேன். அந்த ஹார்மோன் இல்லாத மாத்திரையே போதும் என்று சொல், அதுவும் சரி. எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே. நீயும் என் கூடச் சேர்ந்து வெந்தால் எனக்கு ஒரு டிகிரிகூடக் குறையாது. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் யாருக்காவது ஏதாவது கிடைக்காமல் போயிற்று என்றால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அடுத்த வகுப்புக்கு ஆள் வந்து கண்ணாடியைத் தட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய், பேச்சை மாற்ற மாட்டேன், சத்தியம். எதை எடுத்துக்கொண்டாலும் சரி, முதல் தடவை விடியும்வரை தூங்கினாய் என்றால் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், எல்லாம் சொல்ல வேண்டும். இவளிடம் போய் இதைச் சொல்வதா என்று கூச்சப்படாதே, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

என் பங்கையும் சேர்த்துத் தூங்கு, அக்கா.

உன் தங்கை